கணக்குப்பிள்ளை ரிட்டையர் ஆனால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? செட்டிநாட்டு பேரேடு முதல் பேங்க் கணினி வரை: முழு விளக்கம்

காரைக்குடி பக்கம் ஒரு பழைய அடகுக்கடையையோ, ஜவுளிக்கடையையோ, மொத்த மளிகைக் கடையையோ எடுத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் கம்ப்யூட்டர் இருக்கும். பில் அதில்தான் போடுவார்கள். ஆனால் ஏதாவது சிக்கல் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது கம்ப்யூட்டரை அல்ல, முப்பது வருடமாக அங்கே கணக்கு எழுதும் பெரியவரை. "அவரைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

அந்தப் பெரியவர் ஓய்வு பெறும் நாளில்தான் விஷயம் புரியும். சாஃப்ட்வேரில் இருந்தது பாதி கணக்கு. மீதிப் பாதி அவர் தலைக்குள் இருந்தது. புது சாஃப்ட்வேர் வாங்கும்போதும், பழையதை மாற்றும்போதும் பல நிறுவனங்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். அனுபவசாலியின் அறிவை எப்படி வெளியே கொண்டுவந்து மென்பொருளுக்குள் வைப்பது? இதில் செட்டிநாட்டுக்கு என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• தொழிலின் விதிகளில் பெரும்பகுதி எழுதப்படாமல், ஆட்களின் பழக்கத்தில்தான் இருக்கிறது.
• கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, கடல் கடந்த கிளைகளில் ஒரே முறையில் கணக்கு எழுத ஆட்களைப் பழக்கியவர்கள் நகரத்தார்.
• சாஃப்ட்வேரை மாற்றும்போது பழைய விதிகள் விடுபட்டால் பணமும் போகும், சில சமயம் மனிதர்களின் மானமும் போகும்.
• 'எப்படி செய்வீங்க?' என்று கேட்டால் பாதி பதில்தான் வரும். கூடவே உட்கார்ந்து பார்த்தால்தான் மீதி வரும்.
• அறிவைக் கொடுத்தவருக்கு அதில் என்ன லாபம் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பிரச்சனை என்ன?

ஒரு கடையின் வேலையை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். முதல் அடுக்கு, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை: பில் போடுவது, ரசீது கொடுப்பது. இரண்டாவது, எழுதி வைத்த விதி: இவ்வளவு வட்டி, இத்தனை நாள் தவணை. மூன்றாவது அடுக்குதான் சிக்கல். அது எங்கேயும் எழுதியிருக்காது. எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கை ஆடி மாதத்துக்கு முன்பே இறக்க வேண்டும், எந்தக் கணக்கு இடித்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த அடுக்கில் வரும்.

இதை 'உள்ளுறை அறிவு' என்று சொல்லலாம். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த அறிஞர் மைக்கேல் பொலானி 1966-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினார். ஒருவருக்குத் தெரிந்ததில் அவரால் வார்த்தையில் சொல்ல முடிவது ஒரு பகுதி மட்டுமே என்பது அவர் கருத்து. நம் ஊரில் இதை வேறு மாதிரி சொல்வோம்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சாஃப்ட்வேர் எழுதுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகள்தான். மூன்றாவது அடுக்கு இல்லாமலே சாஃப்ட்வேர் தயாராகிவிடும். டெமோவில் எல்லாம் சரியாக ஓடும். முதல் தீபாவளி சீசனில்தான் ஓட்டை தெரியும்.

செட்டிநாட்டில் இதை எப்படி சமாளித்தார்கள்?

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் ஊர்கள்தான் செட்டிநாடு. இங்கிருந்து 19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, வியட்நாம் பக்கம் போய் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினார்கள். முதலாளி இருப்பது ஊரில். கடை இருப்பது கடலுக்கு அப்பால். போன் கிடையாது. கப்பலில் கடிதம் போய்ச் சேரவே நாள் கணக்கில் ஆகும். அப்படியிருந்தும் அத்தனை கடையிலும் கணக்கு ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

இதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு ஆட்களைப் படிப்படியாகப் பழக்குவது. கடைக்கு முதலில் வரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டி பக்கத்திலேயே இருந்து எடுபிடி வேலை செய்வான், கூடவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். அடுத்த படி அடுத்தாள். கடன் வசூல், பேரேடு எழுதுவது எல்லாம் அவர் கையில் வரும். அதற்கும் மேலே மேலாள், அதாவது கடையின் ஏஜெண்ட். கடன் யாருக்கு, எவ்வளவு என்று முடிவெடுப்பவர் அவர்தான்.

சிங்கம்புணரியில் பிறந்த எழுத்தாளர் ப.சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த வட்டிக்கடை உலகம் புதிதாக இருக்காது.

இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் இது ஒரு அறிவுப் பரிமாற்ற முறை. பெட்டியடிப் பையனுக்கு யாரும் கையேடு கொடுக்கவில்லை. பல வருடம் பக்கத்தில் உட்கார வைத்து, கேள்வி கேட்க வைத்து, தப்பு செய்தால் திருத்தி, மூன்றாவது அடுக்கு அறிவை அப்படியே கைமாற்றினார்கள்.

எழுதக்கூடியதை எழுதியும் வைத்தார்கள். அன்றாட வரவு செலவுக்கு நாள்குறிப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பக்கத்தோடு பேரேடு. வட்டி கணக்குக்கு வட்டிச்சிட்டை. கடையின் மொத்த நிலையை ஒரே பார்வையில் காட்ட ஐந்தொகை. ஒரே அச்சில் எழுதப்பட்ட கணக்கு என்பதால், ரங்கூன் கடையின் கணக்கை ஊரில் இருக்கும் முதலாளி பார்த்த உடனே புரிந்துகொள்ள முடிந்தது.

வட்டியிலும் ஒரு பொது விதி உண்டு. ரங்கூன் முகல் தெருவில் இருந்த கோயிலில் நகரத்தார் மாதாமாதம் கூடி 'நடப்பு வட்டி'யை முடிவு செய்தார்கள். தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அதுவே அளவுகோல். இன்று ரெப்போ வட்டி மாறினால் நம் வீட்டுக்கடன் வட்டி மாறுகிறதே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். மிதக்கும் வட்டியில் தரும் சில்லறைக் கடன்களை வெளி அளவுகோலோடு இணைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது 2019 அக்டோபரில்தான்.

விலாசம், புள்ளி, மகமை: கம்ப்யூட்டர் தடுமாறும் மூன்று சொற்கள்

ஒரு தொழிலின் அறிவு பெரும்பாலும் அதன் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். அந்தச் சொல் புரியாமல் சாஃப்ட்வேர் எழுதினால் அடித்தளமே கோணலாகிவிடும். செட்டிநாட்டில் இருந்தே மூன்று உதாரணம்.

1. விலாசம்: வெளியாள் காதில் இது 'முகவரி' என்று விழும். நகரத்தார் தொழிலில் விலாசம் என்பது கடையின் அடையாளம், குடும்பத்தின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். கணக்கே இந்த விலாசத்தின் பெயரில்தான் ஓடும். சாஃப்ட்வேரில் 'முதல் பெயர், கடைசிப் பெயர், முகவரி' என்று மூன்று கட்டம் வைத்தால் விலாசத்தை எங்கே போடுவது? கடையை நடத்துபவர் மாறினாலும் விலாசம் தொடரும் என்ற விதியை எங்கே எழுதுவது?

2. புள்ளி: நகரத்தார் கோயில் வரி கணக்கில் புள்ளி என்பது தலைக்கணக்கு கிடையாது. திருமணமான தம்பதி ஒரு புள்ளி. ஒரே வீட்டில் அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் இருந்தால் அது ஒரு வீடு, ஆனால் மூன்று புள்ளி. 'உறுப்பினர் எண்ணிக்கை' என்று பொதுவாக ஒரு கட்டம் வைக்கும் சாஃப்ட்வேர் இங்கே தப்பாகத்தான் எண்ணும்.

3. மகமை: வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவது. அந்தப் பணம் பேரேட்டில் தனிக் கணக்காகவே ஏறும். இதை வெறும் 'செலவு' என்று போட்டுவிட்டால் கணக்கு கூட்டலில் சரியாக வரும், அர்த்தத்தில் தப்பாகிவிடும்.

சாஃப்ட்வேர் துறையிலும் இதைப் பேசுகிறார்கள். எரிக் எவன்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார். தொழில் செய்பவரும் புரோகிராம் எழுதுபவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் பேச வேண்டும், அந்தச் சொல்தான் புரோகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த முக்கியமான யோசனை.

பேரேடு எப்படி பேங்க் ஆனது?

1937 பிப்ரவரி 10. மு.சித.மு.சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய நாள். ஒரே நாளில் மூன்று இடத்தில் கிளை திறக்கப்பட்டது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் 'மு.சித.மு.' இருக்கிறதே, அது விலாசம்தான்.

அதன் பின் காலம் வேகமாக மாறியது. அதே 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941-42-ல் ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் வந்தபோது தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பழைய ஏஜெண்ட் முறை தேய்ந்தது. வங்கிகள் வளர்ந்தன. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் மதுரையில் பேங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது ஐஓபி-யும் அதில் ஒன்று.

அடுத்த மாற்றம் கம்ப்யூட்டர். 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை வங்கிகளை இயந்திரமயமாக்க வழி சொன்னது. 1989-ல் இரண்டாவது அறிக்கை. 2000-க்குப் பிறகு எந்தக் கிளையிலும் பணம் எடுக்கும் கோர் பேங்கிங் வந்தது.

இதே நேரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். அதில் பலர் பேரேடு காலத்து ஆட்கள், அதாவது பழைய கணக்கு முறை கை விரல் நுனியில் இருந்தவர்கள். புது சாஃப்ட்வேருக்குள் விதிகளை ஏற்ற வேண்டிய காலமும், அந்த விதிகளைத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போன காலமும் ஒன்றாகவே இருந்தன.

2001-ல் பேங்க் ஆஃப் மதுரா, ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஐஓபி பல வருடம் தானே உருவாக்கிய கோர் பேங்கிங் சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டு, பின்னர் இன்ஃபோசிஸின் ஃபினாக்கிளுக்கு மாறியது. இப்படி ஒவ்வொரு இணைப்பின்போதும் மாற்றத்தின்போதும் கேள்வி ஒன்றுதான்: பழைய சாஃப்ட்வேருக்குள் இருக்கும் விதிகள் எல்லாம் என்னென்ன, அதை யார் சொல்வது?

உலகம் முழுக்க இதே கதைதான்

சூப் தொழிற்சாலையின் ஆல்டோ: அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனத்தில் ஆல்டோ சிமினோ என்று ஒருவர் இருந்தார். சூப் டின்களைக் கிருமிநீக்கம் செய்யும் ராட்சத இயந்திரங்களில் 40 வருடத்துக்கு மேல் அனுபவம். எந்த ஆலையில் இயந்திரம் மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் அழைப்பு. 1980-களில் அவர் ஓய்வு பெறும் நேரம் வந்தபோது, டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஆட்கள் மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் எப்படி யோசிக்கிறார் என்பதை சுமார் 150 விதிகளாக மாற்றி ஒரு சாஃப்ட்வேர் செய்தார்கள். 'இப்படி இருந்தால் இதைப் பார், இல்லாவிட்டால் அதைப் பார்' என்ற வகை விதிகள்.

எக்ஸ்கான்: டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம், வாடிக்கையாளர் ஆர்டருக்கு ஏற்ப எந்தெந்த பாகங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று சொல்லும் சாஃப்ட்வேரை 1980-ல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நன்றாகவே ஓடியது. ஆனால் புதுப்புது மாடல் வர வர விதிகள் பல ஆயிரமாகப் பெருகின. அவற்றைச் சரியாக வைத்துக்கொள்வதே தனி வேலை ஆனது. அறிவை ஒருமுறை வாங்கி வைத்தால் போதாது, பயிருக்குத் தண்ணீர் மாதிரி தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

நியூஜெர்சி: 2020 ஏப்ரல், கொரோனா நேரம். வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் குவிந்தது. அந்த மாகாண அரசின் பழைய கணினிகளில் இருந்தது கோபால் என்ற பல பத்தாண்டு பழைய மொழி. தெரிந்தவர்கள் யாராவது உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபியே வெளிப்படையாகக் கேட்கும் நிலை வந்தது.

நம் நாட்டில் எதிர்த்திசையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: டேலி. பெங்களூருவில் தொழில் நடத்திய ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்கைப் பார்க்கத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்காவிடம் செய்யச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் இன்று கடைக்குக் கடை இருக்கும் டேலி. தொழில் தெரிந்த அப்பா ஒரு பக்கம், புரோகிராம் தெரிந்த மகன் இன்னொரு பக்கம். கேட்க வேண்டியதை வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள முடிந்தது.

மாற்றும்போது தப்பானால் என்ன ஆகும்?

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 50 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் கணக்கைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றியது. தரவு என்னவோ போய்ச் சேர்ந்துவிட்டது. சேவைதான் முடங்கியது. சுமார் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

இதைவிடக் கொடுமை பிரிட்டன் தபால்துறையில் நடந்தது. ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேர் 1999-ல் இருந்து கிளைகளுக்கு வந்தது. கல்லாவில் பணம் குறைகிறது என்று அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் 'நாங்க எடுக்கல, சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு' என்று சொன்னார்கள். நம்பவில்லை. 900-க்கும் அதிகமானோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சொத்தை விற்றுப் பணம் கட்டியவர்களும் உண்டு. கடைசியில் 2024 மே மாதம் தனிச் சட்டம் போட்டுத்தான் பெருவாரியான தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

கல்லாவில் தினமும் உட்காரும் ஆள் 'இது இடிக்குதே' என்று சொன்னால், அதுவும் ஒரு நிபுணத்துவம்தான். அதைக் கேட்க ஒரு வழி இல்லாத சாஃப்ட்வேர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஆபத்தானது.

சரி, அனுபவசாலியிடம் எப்படித்தான் கேட்பது?

'நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க' என்று கேட்டால், 'வட்டி போடுவேன், வரவு வைப்பேன், அவ்வளவுதான்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். அவர் மறைக்கவில்லை. பழகிப்போன வேலை என்பதால் அவருக்கே அது ஒரு விஷயமாகத் தெரிவதில்லை. அதனால் கேட்கும் முறையை மாற்ற வேண்டும்.

படி 1, கூட உட்காருங்கள்: குறைந்தது சில நாள் பெட்டியடிப் பையன் மாதிரி பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் தயங்கும் இடம், பழைய நோட்டைப் புரட்டும் இடம், யாருக்கோ போன் போடும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாத விதி இருப்பது அங்கேதான்.

படி 2, நடந்ததைக் கேளுங்கள்: 'பொதுவா எப்படி?' என்று கேட்காதீர்கள். 'போன வாரம் அந்த பில்லை ஏன் திருப்பி அனுப்புனீங்க?' என்று கேளுங்கள். குறிப்பிட்ட சம்பவம் என்றால் காரணம் தானாக வரும்.

படி 3, விதிவிலக்கைத் தேடுங்கள்: 'எப்பவுமே இப்படித்தானா?' என்ற ஒரு கேள்வி நிறைய கதவைத் திறக்கும்.

படி 4, கணக்கு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: உதாரணமாக அடகு வைத்து வாங்கிய கடன் ரூ.50,000, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 3 மாதம் 6 நாளில் நகையை மீட்க வருகிறார். வட்டி எவ்வளவு?

• நாள் கணக்கு: 3 மாதத்துக்கு ரூ.1,500, 6 நாளுக்கு ரூ.100. மொத்தம் ரூ.1,600.
• அரை மாதக் கணக்கு: ரூ.1,500 + ரூ.250 = ரூ.1,750.
• முழு மாதக் கணக்கு: ரூ.1,500 + ரூ.500 = ரூ.2,000.

'மாத வட்டி 1 சதவீதம்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போன புரோகிராமருக்கு இந்த மூன்றில் எது என்று தெரியாது. அவர் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார். ஒரே வாடிக்கையாளருக்கு ரூ.400 வித்தியாசம். இது கடைக்கும் பாதிப்பு, நகையை வைத்தவருக்கும் பாதிப்பு.

படி 5, அட்டவணையாக்குங்கள்: இந்த நிலை என்றால் இந்த முடிவு என்று கட்டம் போட்டு எழுதி, அதை அனுபவசாலியிடமே திருப்பிக் காட்டுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் 'அட, இதைச் சொல்ல விட்டுட்டேனே' என்பார்.

படி 6, சட்டத்தோடு ஒப்பிடுங்கள்: காலம்காலமாகச் செய்கிறோம் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. வட்டி, ரசீது, ஏலம் ஆகியவற்றுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. தப்பான பழக்கம் ஒன்றை சாஃப்ட்வேரில் ஏற்றினால், அந்தத் தப்பு தினமும் தானாக நடக்கும்.

படி 7, பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும்: சில மாதம் இரண்டிலும் கணக்குப் போட்டு, மாதக் கடைசியில் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் விடாதீர்கள். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மறந்துபோன விதி இருக்கும்.

விதியைத் தனியாக வைப்பது ஏன் முக்கியம்?

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22-ல் வரி அடுக்குகள் மறுபடி மாறின. பெரும்பாலான பொருட்கள் 5%, 18% என்ற இரண்டு அடுக்குக்குள் வந்தன. 12%, 28% அடுக்குகளில் இருந்த பொருட்கள் இடம் மாறின. வரி விகிதத்தைத் தனி அட்டவணையாக வைத்திருந்த சாஃப்ட்வேர்களில் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. புரோகிராமுக்குள் நூறு இடத்தில் எழுதி வைத்திருந்தால், நூறு இடத்தையும் தேட வேண்டும். ஒன்றை விட்டாலும் பில் தப்பு.

வட்டி, வரி, தள்ளுபடி, தவணை நாள் போன்ற மாறக்கூடிய விதிகளைக் கடைக்காரரே திறந்து பார்த்து மாற்றும்படி வைக்க முடியுமா என்று சாஃப்ட்வேர் வாங்கும்போதே கேளுங்கள். கூடவே 'இந்த விதி எப்போது, யார் சொல்லி, ஏன் வந்தது?' என்று ஒரு வரிக் குறிப்பு எழுத இடம் இருக்கட்டும். பத்து வருடம் கழித்து வருபவருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

கிராமத்துக்கும் வருகிறது இந்த மாற்றம்

இது பெரிய நிறுவனங்களின் பிரச்சனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் சுமார் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவு கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ.2,516 கோடி திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பயிர்க்கடன், நகைக்கடன், உரம் வாங்கியது என விவசாயியின் கணக்கு கையெழுத்து நோட்டிலிருந்து பொதுவான ஒரு சாஃப்ட்வேருக்கு மாற வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நோட்டில் அடித்துத் திருத்திய எண்ணுக்கு என்ன காரணம், ஒரே ஊரில் ஒரே பெயரில் இருக்கும் நான்கு பேரில் இந்தக் கடன் யாருடையது என்பதெல்லாம் தெரிந்தவர் சங்கத்தின் பழைய எழுத்தர்தான். அவர் பணியில் இருக்கும்போதே பழைய கணக்கைச் சரிபார்த்து முடிப்பது நல்லது. உங்களுக்குச் சங்கத்தில் கடனோ டெபாசிட்டோ இருந்தால், பழைய பாஸ்புக்கையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாமல், கணினியில் ஏறிய இருப்புத் தொகையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஐ வந்தாச்சே, இனி இது தேவையா?

ஏஐ கருவிகள் நிறைய உதவும். பல மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தால் எழுத்தாக்கித் தரும். பழைய புரோகிராமைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்று ஓரளவுக்கு விளக்கும். விதிகளை அட்டவணையாக அடுக்கித் தரும்.

ஆனால் எங்கேயும் எழுதப்படாத, யாரும் சொல்லாத விஷயம் ஏஐ-க்கும் தெரியாது. தெரியாத இடத்தில் நம்பும்படியாக ஒரு பதிலைச் சொல்லிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. பழைய புரோகிராம் 'என்ன' செய்கிறது என்று அது சொன்னாலும், 'ஏன்' அப்படி எழுதினார்கள் என்பதை அந்தக் கால ஆள்தான் சொல்ல முடியும். இன்னொரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், கடன் விவரம் இருக்கும் நோட்டைப் படம் எடுத்து இலவச ஏஐ செயலிகளில் ஏற்றாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

யாரும் வெளிப்படையாகப் பேசாத கேள்வி இது. 'எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டா, அப்புறம் நான் எதுக்கு?' என்ற பயம் அவருக்கு இருக்கும். நியாயமான பயம்தான். அதைத் தீர்க்காமல் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால், அவர் சொல்வதில் பாதியை நிறுத்திக்கொள்வார்.

இதிலும் செட்டிநாட்டு முறை ஒரு வழி காட்டுகிறது. அன்று ஏஜெண்டுக்குச் 'சம்பளச்சீட்டு' என்ற ஒப்பந்தம் உண்டு. பொதுவாக மூன்று வருடத் தவணை. சம்பளம் முன்பே பேசி முடிக்கப்படும். தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும்போது, லாபத்தைப் பொறுத்துத் தனியாக ஒரு தொகையும் கிடைக்கும். அடுத்து வருபவரிடம் கடையை ஒழுங்காகக் கைமாற்றுவது அவருக்கும் நல்லது.

இன்றும் அதையே செய்யலாம். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். சொல்லிக்கொடுக்கும் நேரத்தைத் தனி வேலையாகக் கருதிச் சம்பளம் கொடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் மாதம் சில நாள் ஆலோசகராக வரச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் விதிப் பட்டியலில் 'சொன்னவர்' என்று அவர் பெயரைப் போடுங்கள். புது சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று சொல்லும் அதிகாரத்தை அவரிடமே கொடுங்கள்.

சாஃப்ட்வேர் மாற்றும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. நம் தொழிலின் சொற்களுக்குப் பொருள் எழுதிய பட்டியல் இருக்கிறதா?
2. எந்த வேலைக்கு 'அவரைக் கேளுங்க' என்று ஒரே ஒரு ஆளைக் காட்டுகிறோம்? அவருக்கு ஓய்வு எப்போது?
3. வட்டி, வரி, தள்ளுபடி விதிகளை நாமே மாற்ற முடியுமா?
4. பழையதும் புதியதும் எத்தனை மாதம் சேர்ந்து ஓடும்? ஒப்பிடுவது யார்?
5. கல்லாவில் இருப்பவர் 'தப்பா காட்டுது' என்று சொன்னால், அதை யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும்?
6. சாஃப்ட்வேர் நிறுவனத்தை நாளை மாற்ற நேர்ந்தால், நம் தரவும் விதிகளும் நம் கையில் இருக்குமா?

இந்த ஆறில் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத ஒரு பேப்பரும் பத்து நிமிடமும் போதும். உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ அந்தப் பட்டியலில் வரும் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். புது சாஃப்ட்வேருக்கு விலை விசாரிப்பதற்கு முன்னால், முதலில் பேச வேண்டியது அவரிடம்தான்.